இந்தப் பேப்பர் எத்தனை பாயிண்ட்?

ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிப் போனவர்களுக்குப் ‘பாயிண்ட்’ என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு லோடு வந்ததும் அதிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து எடை போடுவார்கள். அதே கிழங்கைத் தண்ணீரில் மூழ்கவிட்டு இன்னொரு தரம் எடை பார்ப்பார்கள். மாவு தண்ணீரைவிடக் கனம். மாவு கூடுதலாக இருக்கும் கிழங்கு, தண்ணீருக்குள் போனாலும் எடையை அவ்வளவாக விட்டுக்கொடுக்காது. அதிலிருந்து ஓர் எண் கிடைக்கும். டன் என்ன விலைக்குப் போகும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. காட்டுக்கு எத்தனை தண்ணீர் பாய்ந்தது, மாவுப்பூச்சி வந்ததா, எந்த மாதம் பிடுங்கினார்கள் என்ற கதை எதையும் அது சொல்லாது. பாயிண்டைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்ற சண்டை மட்டும் வருடா வருடம் நடக்கும்.

போன மாதம் அண்டகளூர்கேட் டீக்கடையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியைப் பார்த்தேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுக்கிறார். செல்போனை என் முன்னால் நீட்டி, “அண்ணா, ஹெச்-இண்டெக்ஸ் நாலுதான்ங்க. பரவால்லீங்களா?” என்றார். கிழங்கு லோடுக்குப் பக்கத்தில் நிற்கும் விவசாயியின் முகம்தான் அவருக்கும். அன்று டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர், தனக்கு முன்னால் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கடைசியில் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு மேற்கோள் சேர்ந்தது. கல்லூரி வட்டாரத்தில் எல்லோரும் ‘சைட்டேஷன்’ என்றே சொல்கிறார்கள். தமிழுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியமே ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோரைச் சுட்டிக்கொண்டுதான் போகிறது. யாப்பருங்கல விருத்திக்காரர் எடுத்துக்காட்டாமல் போயிருந்தால் இன்றைக்குப் பெயர்கூடத் தெரியாமல் போயிருக்கும் பழைய நூல்கள் எத்தனையோ. இந்த ‘என்ப’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதை எண்ணிப் பார்க்கும் தொழிலாக மாற்றியவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட். அங்கே வக்கீல்களிடம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ‘ஷெப்பர்ட்’ என்ற ஒரு கையேடு உண்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின, அது இன்னும் செல்லுமா, உடைக்கப்பட்டதா என்று அதில் பார்த்துவிடலாம். அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார். 1960களில் பிலடெல்பியாவிலிருந்து ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அவர் முதலில் நினைத்தது மார்க் போடுவதை அல்ல, தேடுவதை. ஒரு கருத்து பிறந்த இடத்திலிருந்து அது எங்கெங்கே போனது என்று தடம் பிடிக்க ஒரு வழி. எண்ணி மார்க் போடுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தடம் பிடிக்கும் அந்த யோசனை இணையத்துக்கும் போனது. 1998இல் கூகுளின் பேஜ்ரேங்க் முறையை விளக்கிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘சைட்டேஷன்’ என்ற சொல் உண்டு. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுத்தார்கள், கொடுத்தவர்களுக்கு எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று பார்த்துத் தரவரிசை போடும் முறை. அதை எழுதிய நால்வரில் ஒருவர் ஜம்முவில் பிறந்த ராஜீவ் மோத்வானி.

இனி, தம்பியின் நாலு. ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. உங்கள் கட்டுரைகளை, மேற்கோள் அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அடுக்குங்கள். 40, 12, 5, 3, 1 என்று இருக்கிறது என்று வையுங்கள். மூன்றாவது கட்டுரைக்கு 5 மேற்கோள், மூன்றுக்குக் குறையவில்லை. நான்காவதுக்கு 3தான், நான்கை எட்டவில்லை. ஆகவே உங்கள் எண் 3. இப்போது முதல் கட்டுரைக்கு 40க்குப் பதில் 4000 மேற்கோள் வந்துவிட்டது என்றாலும் எண் அதே 3தான். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டுச் சும்மா இருந்தவருக்கு இதில் மதிப்பு ஒன்று. நடுத்தரமாக நாற்பது எழுதியவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். கிழங்கு பாயிண்டில்கூட இவ்வளவு அநியாயம் கிடையாது.

அப்படியானால் ஒருவருடைய ஆய்வின் தாக்கத்தை எப்படித்தான் பார்ப்பது? ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு தடம் பிடித்துப் பார்க்கலாம். ரவி கண்ணன். முழுப்பெயர் ரவீந்திரன் கண்ணன். 1953இல் சென்னையில் பிறந்தவர், பம்பாய் ஐஐடியில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1980இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கார்னெகி மெலன், யேல் போன்ற இடங்களில் பாடம் எடுத்துவிட்டுப் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்துக்கு வந்தார். அவர் வேலை அல்காரிதம், அதாவது கணக்கைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழிமுறை.

அவரும் மார்ட்டின் டையர், ஆலன் ஃப்ரீஸ் என்ற இருவரும் சேர்ந்து 1989இல் ஒரு கட்டுரையை மாநாட்டில் படித்தார்கள். 1991இல் இதழில் வந்தது. விஷயம், எங்கும் உள்வாங்காத, குவிந்த உருவத்தின் கன அளவு. தொட்டியின் கொள்ளளவு எல்லோருக்கும் தெரியும், நீளம் அகலம் உயரம் பெருக்கினால் போதும். உருவம் கோணல்மாணலாக இருந்தால்? அதைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கல்லைப் போடுங்கள். நூற்றில் எத்தனை உருவத்துக்குள் விழுந்தது என்று பார்த்தால் தோராயமான அளவு வந்துவிடும். சதுரத்துக்குள் வட்டம் என்றால் நூற்றுக்கு எழுபத்தெட்டுக் கல் உள்ளே விழும். கனசதுரத்துக்குள் பந்து என்றால் ஐம்பத்திரண்டு.

நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு நிற்காமல் பத்து, இருபது பரிமாணங்களுக்குப் போகும்போதுதான் வம்பு. வங்கி ஒன்று கடன் கேட்பவரைப் பற்றி இருபது விவரம் வைத்திருந்தால் கணக்குக்காரருக்கு அது இருபது பரிமாணம், அவ்வளவுதான், மாயம் ஒன்றும் இல்லை. பத்துப் பரிமாணத்தில் பெட்டிக்குள் இருக்கும் பந்தில் ஒரு கல் விழச் சுமார் நானூறு கல் போட வேண்டும். இருபது பரிமாணத்தில் ஏறத்தாழ நான்கு கோடிக் கல்லுக்கு ஒன்று. பந்து பெட்டியின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் பெட்டியின் இடமெல்லாம் மூலைகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இப்படிக் கல் போட்டுக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது.

கல் போடாமல் ஒழுங்காகக் கணக்கிட்டால் ஆகாதா? ஆகாது என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹங்கேரிக் கணிதக்காரர்கள் நிரூபித்திருந்தார்கள். உருவத்தைப் பற்றி ‘இந்தப் புள்ளி உள்ளேயா, வெளியேயா’ என்று மட்டும் கேட்க அனுமதித்தால், குருட்டாம்போக்குக்கு இடமே தராத எந்த வழிமுறையும் நியாயமான நேரத்தில் கிட்டத்தட்டச் சரியான விடையைக்கூடத் தராது. கதவு சாத்தியாகிவிட்டது. டையரும் ஃப்ரீஸும் கண்ணனும் ஜன்னல் வழியாகப் போனார்கள். சின்ன உருவத்திலிருந்து தொடங்கி, அதைவிடச் சற்றே பெரியது, அதைவிடச் சற்றே பெரியது என்று அடுக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படியிலும் உள்ளுக்குள் குருடன் நடப்பதுபோல் மனம்போன திசையில் நடந்து, நடந்து நிற்கும் இடத்தை ஒரு மாதிரிப் புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த இரண்டு உருவங்களுக்கு நடுவே வித்தியாசம் குறைவு என்பதால் கல் வீணாகாது. எல்லா விகிதத்தையும் பெருக்கினால் விடை. இதற்கு 1991இல் ஃபல்கர்சன் பரிசு கிடைத்தது.

இப்போது மேற்கோள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அந்த முதல் வழிமுறை, சாத்தியம் என்று காட்டியது, ஆனால் ஓட்டிப் பார்க்க லாயக்கில்லாதது. பரிமாண எண்ணை 23 முறை தன்னோடு பெருக்கினால் எவ்வளவோ அவ்வளவு வேலை. பத்துப் பரிமாணத்துக்கு ஒன்றுக்குப் பின்னால் 23 சைபர். அடுத்த ஆண்டே லோவாஸ், ஷிமோனோவிட்ஸ் என்ற இருவரும் அந்த 23ஐ 16 ஆக்கினார்கள். டேவிட் ஆப்பிள்கேட்டோடு சேர்ந்து கண்ணனே 10 ஆக்கினார். பிறகு 8, 7. 1997இல் கண்ணன், லோவாஸ், ஷிமோனோவிட்ஸ் மூவரும் சேர்ந்து 5. பின்னர் லோவாஸும் சந்தோஷ் வெம்பாலாவும் 4. கசின்ஸும் வெம்பாலாவும் சில நிபந்தனைகளோடு 3. ஒவ்வொரு கட்டுரையின் பின்பக்கத்திலும் முந்தையவை நிற்கின்றன. இவையெல்லாம் சடங்குக்குச் சொன்ன மேற்கோள் இல்லை. முந்தையவன் விட்ட இடத்தில் மண்வெட்டி போட்டவர்கள் சொன்னது.

அந்தப் பாதையில் போகும்போது ஒரு கேள்வி முளைத்தது. ஒரு குவிந்த உருவத்தை இரண்டாக வெட்ட, வெட்டுப்பரப்பு எவ்வளவு சின்னதாக இருக்க முடியும்? நேராக ஒரே வெட்டாக வெட்டுவதைவிடக் கோணலாக வெட்டிப் பெரிய லாபம் எதுவும் கிடைக்காது என்பது 1995இல் கண்ணனும் லோவாஸும் ஷிமோனோவிட்ஸும் வைத்த ஊகம். மூவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து அதைக் ‘கேஎல்எஸ்’ என்கிறார்கள். வழிமுறை ஒன்றை வேகப்படுத்தக் கேட்ட கேள்வி, தூய வடிவியலில் பெரிய புதிராக உட்கார்ந்துகொண்டது. கால் நூற்றாண்டு கழித்து, 2020இல், யுவான்சி சென் என்ற புள்ளியியலாளர் அதைக் கிட்டத்தட்டத் தீர்க்கும் அளவுக்கு நெருங்கினார். பின்னர் போவாஸ் கிளார்டாக் இன்னும் நெருங்கினார். வேடிக்கை என்னவென்றால், சென் கண்டது திரும்பி வந்து கன அளவு வழிமுறைக்கே உதவியது. கொடுத்த கடன் வட்டியோடு வீட்டுக்கு வந்தமாதிரி.

இன்னொரு தடம் இதைவிடச் சுவையானது. 1998இல் ஃப்ரீஸ், கண்ணன், வெம்பாலா மூவரும் பெரிய அட்டவணைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார்கள். வரிசையில் ஆட்கள், பத்தியில் பொருட்கள், கட்டத்தில் யாருக்கு எது எவ்வளவு பிடிக்கும் என்ற எண். அட்டவணை கோடிக்கணக்கில் நீளும். முழுவதையும் படிக்காமலே அதன் சாரத்தைப் பிடிக்கலாம் என்றார்கள். எப்படி? மாதிரி எடுத்து. ஆனால் கைக்கு வந்ததை எடுக்கக் கூடாது. எந்த வரிசையில் எண்கள் கனமோ அந்த வரிசை அகப்பட வாய்ப்பும் அதற்குத் தக்கபடி கூட வேண்டும். கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ற வாய்ப்பு. இப்படி எடுத்தால் எத்தனை வரிசை தேவை என்பது அட்டவணையின் நீளத்தைப் பொறுத்ததே இல்லை. பத்து லாரிக்கும் ஆயிரம் லாரிக்கும் ஒரே அளவு மாதிரிக் கிழங்கு போதும் என்பதுபோல. லோடுக்குள் எங்கே கனமான கிழங்கு என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இருபது ஆண்டுகள் கழித்து, 2018. குவாண்டம் கணினி வந்தால் பரிந்துரை வேலையில், அதாவது ‘இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள்’ வேலையில், பிரம்மாண்டமான வேகம் கிடைக்கும் என்று கெரெனிடிஸ், அனுபம் பிரகாஷ் இருவரும் 2016இல் காட்டியிருந்தார்கள். சாதாரணக் கணினியால் அந்த வேகம் முடியாது என்று நிரூபி என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஈவின் டாங் என்ற பதின்ம வயது மாணவருக்கு அவருடைய ஆசிரியர் ஸ்காட் ஆரன்சன் வேலை கொடுத்தார். டாங் நிரூபிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று பார்த்தால், சாதாரணக் கணினியாலும் அது முடியும்! அந்த வழிமுறையின் அடிக்கல், 1998இன் அந்த மாதிரி எடுக்கும் முறை. கட்டுரை வந்தபோது டாங் பிறந்திருக்கவில்லை. எழுதிய மூவர் மனதிலும் குவாண்டம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணனுக்கு 2011இல் அல்காரிதம் துறையின் பெரிய விருதான கனூத் பரிசு கொடுத்தார்கள். அந்த நாளில் டாங்கின் இந்த மேற்கோள் கணக்கிலேயே கிடையாது.

கிழங்கைப் பிடுங்கின அன்றே பாயிண்ட் பார்க்க வேண்டும், வைத்திருந்தால் கெட்டுப்போகும். பேப்பர் அப்படி இல்லை. சில பேப்பர் இருபது வருஷம் மண்ணுக்குள் கிடந்து மாவு ஏறும்.

அல்காரிதம்காரர்களுக்கு எண்ணிக்கையில் வேறு சில நஷ்டங்களும் உண்டு. ஒன்று, அவர்கள் முதலில் மாநாட்டில்தான் படிப்பார்கள், இதழில் வருவது சில ஆண்டு கழித்து, சில சமயம் வருவதே இல்லை. கண்ணனின் 1998 கட்டுரை இதழில் வந்தது 2004இல். மேற்கோள் எண்ணும் நிறுவனங்கள் வெகுகாலம் இதழ்களையே பெரிதாகப் பார்த்தன. ஆகவே மருத்துவத்திலோ வேதியியலிலோ இருப்பவரின் எண்ணையும் இவர்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, பட்டுக்கூட்டையும் பருத்தியையும் ஒரே ஏலத்தில் விடுவதுபோல. ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தளத்தில் ஓர் எண், 2004இல் வந்த கூகுள் ஸ்காலரில் அதைவிடப் பெரிய எண் என்று ஒரே ஆளுக்கு இரண்டு எண் வருவதும் இதனால்தான், எதை எண்ணுவது என்பதில் ஆளுக்கொரு கொள்கை.

இரண்டாவது நஷ்டம், வெற்றியால் வருவது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் மூன்று பக்கத்தில் குறுக்குவழி கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குப் போனில் வழி கேட்கும்போது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வழிமுறைதான் உள்ளே ஓடுகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள்? பாடப்புத்தகத்தில் ஏறி, மென்பொருளுக்குள் இறங்கி, பெயரில்லாமல் கரைந்துவிட்டது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்ட கண்டுபிடிப்புக்கு மேற்கோள் நின்றுபோகும். முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த ‘என்ப’. யார் சொன்னது என்று பெயர் வராது, சொல்வார்கள், அவ்வளவுதான். ஒரு வழிமுறை ‘என்ப’ ஆகிவிடுவதைவிடப் பெரிய தாக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஹெச்-இண்டெக்ஸில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது நமக்கென்றே வாய்த்தது, இனிஷியல். மேற்கோள் எண்ணும் கணினிகள் குடும்பப் பெயர் உண்டு என்று நம்பி எழுதப்பட்டவை. நமக்கு இருப்பது அப்பா பெயர், சிலருக்கு ஊர்ப் பெயர். எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் ஆர், ராசிபுரம். அவர் விஞ்ஞானியாகியிருந்தால் ஒரு பட்டியலில் நாராயண், இன்னொன்றில் கிருஷ்ணசுவாமி, மூன்றாவதில் ராசிபுரம் என்று மூன்று ஆளாகப் பிரிந்திருப்பார். ‘ஆர். கண்ணன்’ என்று தேடினால் எதிர்ப்பக்க ஆபத்து, தமிழ்நாட்டில் எத்தனை ஆர். கண்ணன்! எல்லோரையும் ஒரே ஆளாகக் கட்டிவிடும். 2012 முதல் ஆர்கிட் என்று ஆய்வாளருக்கு ஆதார்போல ஓர் எண் தருகிறார்கள். எழுதத் தொடங்கும்போதே வாங்கிக்கொண்டால் தலைவலி பாதி குறையும்.

எண்ணை வைத்து வேலை, பதவி உயர்வு, தரவரிசை என்று வந்ததும் எண்ணை உற்பத்தி செய்கிறவர்களும் வந்தார்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வருகிறது, கட்டுரைகளும் மேற்கோள்களும் அதில் மதிப்பெண் தருகின்றன. ஒரு கல்லூரியில் வேலை பார்த்த நண்பருக்கு, வெளியே அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் சக ஆசிரியர்களின் கட்டுரை ஐந்தையாவது சேர்க்க வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு. பிளாக்செயின் பற்றி எழுதியவர், கான்கிரீட் பற்றிய கட்டுரையைச் சேர்த்துவிட்டு அதற்கு என்ன காரணம் எழுதுவது என்று இரவெல்லாம் யோசித்தாராம். லோடுக்கு நடுவில் கல்லைப் போட்டு எடை ஏற்றுவது தெரியும். இது தண்ணீரில் முக்கினாலும் கண்டுபிடிக்க முடியாத கல்.

இதில் கொஞ்சத்தை மட்டும் அன்று தம்பியிடம் சொல்லிவிட்டு, “எண்ணை விடுங்க தம்பி, யார் எதுக்குச் சொன்னாங்கன்னு அந்த லிங்க்கைத் தொட்டுப் பாருங்க” என்றேன். அவர் கட்டுரைகளுக்கு மொத்தம் முப்பத்தொரு மேற்கோள். ஒவ்வொன்றாகத் திறந்தார். கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், முன்னுரையில் ஒரே வரியில் பத்துப் பேரோடு சேர்த்து ‘பலரும் ஆராய்ந்துள்ளனர்’ என்று கும்பிடு போட்டுப் போனவர்கள். இருபத்தாறாவதோ இருபத்தேழாவதோ திறந்ததும் விரல் நின்றுவிட்டது. யாரோ முன்பின் தெரியாதவர்கள். இவர் எழுதிய வரிசைப்படுத்தும் முறையை எடுத்து, மூன்றாவது படியை மட்டும் மாற்றி, பழையதையும் புதியதையும் ஓட்டி, இரண்டுக்கும் ஆன நேரத்தை அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். இவருடையது தோற்றிருந்தது. அட்டவணையை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். டீ ஆறியே போய்விட்டது.

மேல் வரியில் அவர் முறைக்கு அவர்கள் கொடுத்திருந்த பெயரை அப்புறம்தான் பார்த்தார். இனிஷியலை விரித்து, அதையே குடும்பப் பெயராக்கி, ‘ராசிபுரம் மற்றும் பிறர்’ என்று அச்சாகியிருந்தது.

“அண்ணா,” என்றார், “ஊர் பேரு வந்துருச்சுங்க.”